மற்றத் திறப்பு யாரிடம்?

தனியே இருக்கும் வயதானவர்களிடம் நான் "பயப்பிடாதேங்கோ" என்று சொல்வதில்லை. சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், தலையும் ஆட்டுவார்கள். மரியாதை தெரிந்த தலைமுறை அது. ஆனால் அதற்குப் பிறகு உள்ளதை உள்ளபடி சொல்ல மாட்டார்கள். கொழும்பில் எழுபது, எண்பது வயதுவரை வாழ்ந்துவிட்ட ஒரு தமிழருக்குப் பயத்தைப் பற்றி நான் என்ன புதிதாகச் சொல்லிவிட முடியும்? 1958, 1977, 1983 என்று கலவர ஆண்டுகளைத் திதிபோல ஞாபகம் வைத்திருப்பவர்கள். 1996 சனவரி 31ஆம் திகதி மத்திய வங்கியில் குண்டு வெடித்த நேரம் கோட்டையில் வேலைக்குப் போயிருந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். 2007 யூனில் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பிய நாட்களில், மாடிப்படியில் கேட்கும் சப்பாத்துச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி விடிய விடிய இருந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பயத்தில் பெரும் பங்கு பட்டறிவு. அது தேவைக்கு மேல் வேலை செய்யத் தொடங்கும்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுவது அநேகமாக அவர்கள் அல்ல, ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகள்.

நான் உளவளத்துணையாளர். முதியோரை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதே என் வேலையில் பெரும் பகுதி. நிலையத்துக்கு வரச் சொன்னால் வரமாட்டார்கள். முழங்கால், மாடிப்படி, ஓட்டோக் காசு, எல்லாவற்றுக்கும் மேலாக 'விசருக்குப் பார்க்கிற இடம்' என்ற பேச்சு. இந்தக் கட்டுரையில் வருகிறவர்கள் எவரும் தனி ஒருவரல்லர். பலரைக் கலந்து, அடையாளம் மாற்றியே எழுதுகிறேன்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் என மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. பிற்பகலில் தெஹிவளையிலும் தெமட்டகொடையிலும். 250க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அன்றைக்கே ஊரடங்கு. மறுநாள் அந்தோனியார் கோயிலுக்குக் கிட்ட நின்ற வான் ஒன்றிலிருந்த குண்டைச் செயலிழக்க வைக்கப் போனபோது அதுவும் வெடித்தது. கொட்டாஞ்சேனையில் யன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தவர்களுக்கு அது இரண்டாவது சத்தம்.

அந்த நாட்களில் தனியே இருந்தவர்களை இன்னொன்றும் தாக்கியது. வெளியே அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. வதந்தி பரவாமலிருக்க அரசாங்கம் வட்ஸ்அப், வைபர், பேஸ்புக் எல்லாவற்றையும் முடக்கியது, ஏப்ரல் 30 வரை. பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி காலைத் தேத்தண்ணி குடித்துப் பழகியவர்களுக்குத் திடீரென்று அந்தச் சின்னக் கண்ணாடி இருண்டு போனது. போன் பழுதாகிவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. கனடாவிலும் ஏதோ நடந்துவிட்டது, தனக்கு மறைக்கிறார்கள் என்று நினைத்தவர் ஒருவரும் உண்டு. முகம் தெரியாவிட்டாலும் சாதாரணக் கோல் எடுக்கலாம் என்று சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த வாரம் நான் செய்த உளவளத்துணையில் பாதி, கொப்பியில் பெரிய எழுத்தில் 001 என்று தொடங்கும் நம்பர்களை எழுதிக் கொடுத்ததுதான்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர், மத்திய வங்கிக் குண்டின் கண்ணாடித் துண்டு கிழித்த தழும்பு முழங்கையில் இருப்பவர், எனக்குச் சொன்னார்: "குண்டு வெடிச்சால் எங்களுக்கு ரெண்டு பயம், பிள்ளை. ஒண்டு குண்டுக்கு. மற்றது பிறகு வந்து கதவு தட்டுறவைக்கு." கொழும்புத் தமிழரின் அரை நூற்றாண்டு அந்த மூன்று வசனத்துக்குள் இருக்கிறது. 2019இல் சந்தேகம் தமிழர் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவசரகாலச் சட்டமும் சோதனைச் சாவடியும் தேடுதலும் திரும்பி வந்தன. உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை. அவர் அடையாள அட்டையைப் பெனியனுக்குள் குத்திக்கொண்டு படுத்தார்.

அவர் சொல்லாத மூன்றாவது பயம் ஒன்று இருக்கிறது. தனியே இருப்பவர்களோடு பழகப் பழகத்தான் அது தெரிய வரும். ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குத் தெரியவரும், எத்தனை நாளைக்குப் பிறகு என்பதே அது. குண்டைத் தடுப்பது என் வேலையல்ல. கதவு தட்டுகிறவரையும் நான் தடுக்க முடியாது. இந்த மூன்றாவதில்தான் என் கைக்கு வேலை இருக்கிறது. இது கொஞ்சம் இறங்கினால் மற்ற இரண்டும் தாங்கக்கூடிய அளவுக்கு வருகின்றன.

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி, மூன்றாம் மாடி. ஓய்வுபெற்ற ஆசிரியை. வாசற்கதவோடு ஒரு பயணப் பை. "நாள் முழுக்க அந்த பாக்கைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறா, எடுத்து ஒளிச்சு வையுங்கோ மிஸ்" என்று மகள் போனில் கேட்டிருந்தார். நான் எடுக்கவில்லை. 83இல் ஒன்றும் எடுக்காமல் ஓடி அகதிமுகாமில் நின்றவர் அவர். அந்தப் பை அவர் கற்ற பாடம். "அம்மா, உள்ளுக்குள்ள என்ன வைச்சிருக்கிறீங்கள் எண்டு பாப்பமோ?" என்றேன். கட்டிலில் கொட்டினோம்.

காணி உறுதி, பொலித்தீன் பையில் சுற்றியபடி. அவருடைய பிறப்புச் சான்றிதழ், கணவரின் இறப்புச் சான்றிதழ், இரண்டினதும் போட்டோப் பிரதிகள் ஐந்தாறு. வங்கிப் புத்தகம். யுத்த காலத்தில் பொலிஸில் வீட்டு ஆட்களைப் பதிந்த படிவம், மடிப்பில் கிழிந்து பிளாஸ்ரர் ஒட்டியது. இரண்டு பருத்திச் சேலை. ஒரு மாறி பிஸ்கற் பெட்டி. ஒரு ரோர்ச், உள்ளே பற்றரி ஊறிப் பச்சை பிடித்திருந்தது. சான்றிதழ்கள் எல்லாம் இருந்தன. குளிசை ஒன்றும் இல்லை. கண்ணாடி இல்லை. யாருடைய நம்பரும் இல்லை.

அன்று பின்னேரம் முழுக்க அந்தப் பையைத் திரும்ப அடுக்கினோம். பிரஷருக்கும் சீனிக்கும் ஒரு கிழமைக்குப் போதுமான குளிசை, எந்த நேரம் எது என்று எழுதிய துண்டோடு. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்துப் பிரதி. பழைய மூக்குக் கண்ணாடி. ஒரு மட்டையில் பெயர், இரத்த வகை, இரண்டு தொலைபேசி இலக்கங்கள். தமிழில் மட்டுமல்ல, சிங்களத்திலும். தெருவில் மயங்கி விழுந்தால் தூக்குகிறவர் எந்தப் பாஷை வாசிப்பார் என்று சொல்ல முடியாதே. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கமும். பொலிஸ் படிவத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்: "இது இனித் தேவைப்படாது எண்டு சொல்லுவீரோ?" அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. படிவம் திரும்பவும் பைக்குள் போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு: கொட்டும்போது நடுங்கிய கை, அடுக்கும்போது நடுங்கவில்லை. சில கிழமைகளில் பை வாசலிலிருந்து அலுமாரியின் அடித்தட்டுக்குப் போனது. நான் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அவராகத்தான் வைத்தார்.

நடுக்கம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். வயதானவருடைய நடுக்கத்தையும் வியர்வையையும் நெஞ்சுப் படபடப்பையும் பார்த்தவுடன் 'பதற்றம்' என்று எழுதாதீர்கள். முதலில் "இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேளுங்கள். ஊரடங்கு நாட்களில் கடைக்குப் போகப் பயந்து ஒரு நேரச் சாப்பாட்டை விட்டுவிட்டு, சீனி வருத்தத்துக் குளிசையை மட்டும் ஒழுங்காகப் போட்டவர்கள் இருந்தார்கள். இரத்தத்தில் சீனி இறங்கினால் பயத்துக்கு வருகிற அத்தனை குறியும் வரும். அதற்கு மருந்து ஒரு கிளாஸ் சீனித் தண்ணி, பிறகு ஒரு பிடி சோறு. நெஞ்சுநோவும் அப்படித்தான். சீனி வருத்தக்காரருக்கு மாரடைப்பு நோவில்லாமல் வெறும் இளைப்பாகவும் களைப்பாகவும்கூட வரலாம். 'குண்டுப் பயம்' என்று வீட்டில் இருத்தி வைப்பது ஆபத்து. மாரடைப்பு இல்லையென்று வைத்தியர் சொன்ன பிறகுதான் அது என்னுடைய இலாகா.

நித்திரைக் குளிசையும் ஒரு தொல்லை. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனதோடு ஒன்றைக் கொடுப்பார். அதைப் போட்டவர் இரவு இரண்டு மணிக்கு எழும்பிக் குளியலறைக்குப் போகும்போது விழுவார். இடுப்பெலும்பு முறிந்த ஒரு முதியவருக்கு அந்த வருடத்தின் பயங்கரவாதம் அதுதான்.

மூச்சுப் பயிற்சியை நான் மூச்சுப் பயிற்சி என்று சொல்லிக் கொடுப்பதில்லை. "மூச்சை இழுத்துப் பிடியுங்கோ" என்றால் இருமல் வரும், தலை சுற்றும், வெட்கமும் வரும். அவர்களிடமே இருப்பதை எடுக்கலாம். தேவாரத்தை இழுத்து ஓதினாலும், செபமாலையை வாய்விட்டுச் சொன்னாலும் வெளிமூச்சு தானாக நீள்கிறது. 2001இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வில், செபமாலை சொல்லும்போதும் யோக மந்திரம் சொல்லும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஆறளவுக்குக் குறைவதை அளந்து காட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் யுத்தத்துக்கு நடுவே மனநல மருத்துவம் பார்த்த தயா சோமசுந்தரம் இப்படியான மரபு வழிகளைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்திருந்தார். தமிழில் இந்த வேலை செய்கிற நாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் அவருடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். ஆசிரியை அம்மாவுக்கு நான் கொடுத்த ஒரே மாற்றம், மனதுக்குள் சொல்லிவந்த தேவாரத்தைச் சத்தமாகப் பாடச் சொன்னது. மேல்மாடிப் பெடியன் ஒருநாள் இறங்கி வந்து, "ஆச்சி, பரீட்சைக்குப் படிக்கிறன்" என்று சொன்னானாம். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது.

இனித் தொலைக்காட்சி. எழுதுவினைஞர் ஐயா நாட்காட்டித் தாளின் ஓரத்தில் ஒவ்வொரு இரவும் இறந்தோர் தொகையைப் பென்சிலால் எழுதினார். ஏப்ரல் 25 அன்று சுகாதார அமைச்சு, 359 என்று சொல்லப்பட்டு வந்ததை 253 அளவுக்குக் குறைத்தது. உடல்கள் சிதறியதால் கணக்குப் பிழைத்துவிட்டது என்றார்கள். அவருக்கு அது ஆறுதலாக வரவில்லை. "நூறு பேரை எண்ணத் தெரியாதவங்கள், நாளைக்கு எங்களை என்னெண்டு காப்பாத்துவாங்கள்?" என்றார். நியாயமான கேள்வி, நான் பதில் சொல்லப் போகவில்லை. ஒரே படத்தைத் திருப்பித் திருப்பிப் போடும் செய்தி என்ன செய்யும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2013 பொஸ்ரன் மரதன் குண்டுவெடிப்புக்குப் பிறகு செய்த ஆய்வில், நாளுக்கு ஆறு மணித்தியாலமும் அதற்கு மேலும் செய்தி பார்த்தவர்கள், அந்த இடத்தில் நின்றவர்களைவிடக் கூடிய மன அழுத்தத்தைச் சொன்னார்கள். தனியே இருப்பவருக்குத் தொலைக்காட்சிதான் வீட்டில் கேட்கிற ஒரே மனிதக் குரல். அதை நிறுத்தச் சொல்ல மனம் வராது. அதனால் பண்டமாற்று. செய்தி நாளுக்கு ஒருதரம், அதுவும் பகலில். இரவில் வானொலிப் பாட்டு. ஐயா பத்திரிகைக்கு மாறினார். "பேப்பரில் படம் அசையாது" என்று காரணமும் சொன்னார்.

பிள்ளைகளும் ஒரு செய்திச் சேவைதான். அங்கே தொலைக்காட்சியில் எதையோ பார்த்துவிட்டு, நடுச்சாமத்தில் போன் எடுத்து "அம்மா, வெளியில போகாதேங்கோ" என்பார்கள். அம்மா அதுவரை நித்திரையாக இருந்திருப்பார். நான் பிள்ளைகளிடம் கேட்பது ஒரு நேரத்தை. இங்கே பின்னேரம் ஆறரை என்றால் கோடைகாலத்தில் ரொறன்ரோவில் காலை ஒன்பது. அந்த நேரத்தில் ஒவ்வொரு நாளும், நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ. போனில் எச்சரிக்கை சொல்வதைவிட, "இந்தக் கத்தரிக்காய்க் குழம்புக்குப் புளி எவ்வளவு விடுறது?" என்று கேட்பது நல்லது. அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் ஏதோ இருக்கிறது என்று அம்மாவுக்கே தெரிய வரும்.

எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"மற்றத் திறப்பு யாரிட்ட?"

"மகனிட்ட."

"மகன் எங்கை?"

"ஸ்காபரோவில."

இதே உரையாடல், ஊரின் பெயர் மட்டும் மாறி, பல வீடுகளில் நடந்திருக்கிறது. உள்ளே மூன்று தாழ்ப்பாள், இரும்புக் கேற், சங்கிலி. கள்ளன் வராமலும் பொலிஸ் வராமலும் பூட்டிய வீட்டுக்குள் உதவியும் வர முடியாது. அதனால் முதல் வேலை, நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒருவரிடம் ஒரு திறப்பு. இரண்டாவது வேலை காலை அழைப்பு. ஒரே வட்டாரத்தில் தனியே இருக்கும் நாலைந்து பேர், காலை ஏழு மணிக்கு வரிசையாக ஒருவருக்கு ஒருவர் ஒரு மிஸ்ட் கோல். ஏழரைக்குள் வராவிட்டால் அடுத்தவர் எடுத்துப் பார்ப்பார், எடுக்காவிட்டால் திறப்பு இருக்கிறவருக்குச் சொல்வார். காசு செலவில்லை, தொழில்நுட்பம் இல்லை. ஐயா இதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். கோடு போட்ட கொப்பியில் திகதி, நேரம், 'பதில் உண்டு', 'பதில் இல்லை, மீண்டும் எடுத்தேன்', கடைசியில் சின்னக் கையெழுத்து. முப்பது வருட அலுவலகப் பழக்கம் அந்தக் கொப்பியில் திரும்பி வந்தது. இடர்களுக்குப் பிறகு மனிதர்களுக்கு வேண்டியவை என்று ஹொப்ஃபோல் முதலான ஆய்வாளர்கள் 2007இல் சொன்ன ஐந்தில், தன்னால் ஏதாவது செய்ய முடியும் என்ற உணர்வும் பிறரோடு தொடர்பும் உண்டு. ஐயாவுக்கு அந்தக் கட்டுரை தேவைப்படவில்லை. ஒரு காலை என்னிடம் முறைப்பாடு சொன்னார்: "அந்த நாலாம் நம்பர் மனிசி ஒவ்வொரு நாளும் பத்து நிமிஷம் பிந்துறா." குண்டைப் பற்றி அன்று அவர் ஒன்றும் பேசவில்லை.

சத்தம் தனிப் பாடம். ஏப்ரலில் கொழும்பில் பின்னேரத்து இடிமழை வழக்கம், அந்த வருடமும் தவறவில்லை. காது மந்தமானவர்களுக்கு இடியும் வெடியும் லிப்ற் கதவு அடிபடுவதும் ஒன்றாகவே கேட்கும். பொழுதுபடும் நேரம் கூட இருந்து, வருகிற சத்தங்களுக்கெல்லாம் சேர்ந்து பெயர் வைப்போம்: கரையோரப் பாதையில் போகிற ரயில், எதிர் ஹோட்டல் ஜெனரேற்றர், மேல்வீட்டில் இடியப்பம் அவிக்கும் சட்டி. கேட்கும் கருவிக்குப் பற்றரி மாற்றினதாலேயே பயம் பாதி குறைந்தவர்கள் உண்டு.

நடந்ததைக் கிண்டிக் கேட்பதில்லை. "அந்தச் சத்தம் கேட்டபோது என்ன உணர்ந்தீர்கள்?" என்று நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருவது உதவாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியும் சொல்கிறது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பேன். சொல்லி முடியும் இடத்தில், "பிறகு என்ன செய்தனீங்கள்?" என்பேன். 83 என்றால், எந்தச் சுவரைத் தாண்டினீர்கள், யார் சோறு தந்தார்கள், எந்தக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனீர்கள். பயந்த கதைக்குள்ளேயே சமாளித்த கதையும் இருக்கிறது. கேட்க ஆளில்லாமல் அது உள்ளே கிடந்துவிடுகிறது.

என் வேலையில் கடினமான இடத்துக்கு வருகிறேன். மே மாத நடுவில் குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கினார்கள். கொழும்பில் தாக்குதல் இல்லை, ஆனால் பார்வை மாறியது. ஆசிரியை அம்மாவின் தொடர்மாடியில் கீழ்வீடு ஒரு முஸ்லிம் குடும்பம். காஸ் சிலிண்டரை மேலே தூக்கிக் கொடுப்பது அந்த வீட்டுப் பெடியன். நோன்புக் கஞ்சி வருவது அங்கிருந்து. அந்த வருடம் கஞ்சியை வாங்கி வைத்தார், குடிக்கவில்லை. "நல்ல சனம்தான் பிள்ளை. ஆனா யாருக்குத் தெரியும்?" இதே வசனத்தைத் தமிழர்களைப் பற்றி முப்பது வருடம் கேட்டவர் அவர். அது அவருக்கும் தெரியும், அதனால்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார். நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. வெட்கப்பட்டவர் மனம் மாறுவதில்லை, என்னிடம் மறைக்கத்தான் பழகுவார். அதோடு இதை நான் ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பதுமில்லை. தனியே இருக்கும் எழுபத்தொன்பது வயதுக்காரர் கீழ்வீட்டை இழந்தால், அவருடைய ஆபத்து உண்மையாகவே கூடுகிறது.

பையில் வைக்கும் மட்டைக்கு, "இரவு விழுந்தால் ஆரைக் கூப்பிடுவீங்கள், வாற நேரத்தின்படி எழுதுங்கோ" என்றேன். முதலாவது, மேல்மாடிப் பெடியன். இரண்டாவதாகக் கீழ்வீட்டுப் பெயரை எழுதினார். வெட்டினார். பம்பலப்பிட்டியில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கையை எழுதினார். "அவ வர எவ்வளவு நேரம் செல்லும்?" என்று கேட்டேன். "அவவும் தனியத்தானே, இரவில எப்பிடி வாறது" என்றார். கொஞ்ச நேரம் பேனையைத் திருப்பிக்கொண்டு இருந்துவிட்டு, வெட்டினதுக்கு மேலே அந்தப் பெயரை மறுபடி எழுதினார். திறப்பு கீழ்வீட்டுக்குப் போக இன்னும் சில மாதம் எடுத்தது. சிலிண்டர் தீர்ந்ததும் அதற்கு ஒரு காரணம்.

எல்லோரிடமும் இந்த மாற்றம் நடக்கவில்லை. யூன் 12 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் திரும்பத் திறந்தது. செவ்வாய்தோறும் மெழுகுதிரி கொளுத்தப் போகிற சைவ அம்மாக்கள் பலர் சோதனை வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டிவிட்டுப் போகத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் கோயிலுக்குப் போனார், ஆனால் பதினைந்து வருடம் மருந்து வாங்கிய முஸ்லிம் பாமசிக்கு இன்றுவரை போகவில்லை. பிரஷர்க் குளிசைக்காக மாதாமாதம் ஓட்டோ பிடித்து அடுத்த வட்டாரத்துக்குப் போய் வருகிறார். பாமசிக்காரர் என்னைக் கண்டால், "அம்மா சுகமா?" என்று கேட்பார். அதை அந்த அம்மாவிடம் போய்ச் சொல்வேன். "கேட்டவனோ?" என்பார், பிறகு ஓட்டோக்காரன் கூட்டிக் கேட்ட காசைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்.